ஒரே ஆளின் இரண்டு ஸ்கேன், இரண்டு ஆட்கள் ஆகாது

கேள்வி: நரம்பியல் துறையில் பிஎச்.டி. செய்கிறேன். டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 24 பேர், சர்க்கரை இல்லாதவர்கள் 22 பேர். மெஷினுக்குள் படுத்தபடி 2-பேக் டாஸ்க் (இரண்டு படி முன்பு வந்ததே இப்போதும் வருகிறதா என்று சொல்லும் நினைவுச் சோதனை) செய்யவைத்து எஃப்எம்ஆர்ஐ (மூளையின் செயல்பாட்டைக் காட்டும் ஸ்கேன்) எடுத்தோம். 12 வாரம் நடைப்பயிற்சி கொடுத்துவிட்டு மறுபடியும் எடுத்தோம். இரண்டாம் முறை வந்தவர்கள் நோயாளிகளில் 19, மற்றவர்களில் 20. நோயாளிகளின் சராசரி வயது 57, மற்றவர்களுக்கு 49. ஆய்வு நடுவில் 1.5 டெஸ்லா (காந்த வலு) மெஷினை எடுத்துவிட்டு 3 டெஸ்லா வைத்தார்கள். முடிவுகளை ஒப்பிடும் கணக்கு மாடலாக, கைடு டூ-வே அனோவா போடச் சொல்கிறார். சீனியர் எஸ்பிஎம் மென்பொருளில் ஃப்ளெக்ஸிபிள் ஃபேக்டோரியல் என்கிறார். நண்பர் ஒருவர் மிக்ஸ்டு மாடல்தான் சரி என்கிறார். வயது, ஹெச்பிஏ1சி (சர்க்கரை அளவு காட்டும் ரத்தப் பரிசோதனை), ரத்த அழுத்தம், படிப்பு எல்லாவற்றையும் கோவேரியேட்டாக (கணக்கில் சேர்த்துச் சரிசெய்யும் கூடுதல் காரணியாக) சேர்க்கவும் சொல்கிறார்கள். பயிற்சிக்குப் பிறகு நோயாளிகளின் நெற்றிப் பகுதியில் மாற்றம் சிக்னிஃபிகன்ட்டாக வந்தது, மற்றவர்களிடம் வரவில்லை. இதையே முடிவாக எழுதலாமா? எந்த மாடல் சரி?
— ஆராய்ச்சி மாணவி, கோவை

பதில்: வணக்கம். கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் ஏற்கெனவே எழுத உட்கார்ந்திருக்கக்கூடும். அதை முடிவாக எழுத வேண்டாம். "நோயாளிகளிடம் சிக்னிஃபிகன்ட், மற்றவர்களிடம் இல்லை" என்பது இரண்டு குழுக்களை ஒப்பிட்டதாகாது. ஒரு குழுவில் பி-மதிப்பு (உண்மையில் மாற்றமே இல்லாவிட்டாலும் இப்படி வரும் வாய்ப்பு) 0.03, இன்னொன்றில் 0.08 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மாற்றம் ஏறக்குறைய ஒரே அளவாகவே இருக்கலாம். 0.05 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். நோயாளிகளின் மாற்றம் மற்றவர்களின் மாற்றத்தைவிடப் பெரிதா என்பதை நேராகச் சோதித்தால்தான் அது ஒப்பீடு. இந்தத் தவறு புதியவர்கள் மட்டும் செய்வதல்ல. 2011இல் நியூவன்ஹைஸும் உடன் இருந்தவர்களும் முன்னணி இதழ்கள் ஐந்தில் வந்த 513 நரம்பறிவியல் கட்டுரைகளைப் படித்துப் பார்த்தார்கள். இந்தத் தவறைச் செய்ய வாய்ப்பிருந்த கட்டுரைகளில் சரியாகச் செய்தவை 78, தவறாகச் செய்தவை 79. பாதிக்குப் பாதி. அதனால் மனம் தளர வேண்டாம். எழுதி அனுப்பும் முன்பே கேட்டீர்களே, அது நல்லது.

இனி மாடலுக்கு வருவோம். மூன்று பேர் மூன்று பெயர் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெயர்களைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் புரிந்தது இது: "12 வாரப் பயிற்சியால் 2-பேக்கின்போது மூளையில் வரும் மாற்றம், சர்க்கரை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வேறா?" இதுதான் கேள்வி என்றால் விடை நீங்கள் பயப்படுகிற அளவுக்குச் சிக்கலானதல்ல. ஒரு வாக்ஸலை (மூளைப் படத்தின் ஒரு சிறு கனத்துண்டை) மட்டும் எடுத்துக் காட்டுகிறேன். அந்த இடத்தின் செயல்பாட்டைக் காட்டும் எண்கள், விளக்கத்துக்காக நான் போட்டவை.

நோயாளிகள் மூன்று பேர். பயிற்சிக்கு முன் 2.1, 0.4, 1.3. பின் 2.6, 0.8, 1.9. சர்க்கரை இல்லாதவர்கள் மூன்று பேர். முன் 1.8, 0.9, 2.4. பின் 2.0, 1.2, 2.5.

முதலில் நோயாளிகளை மட்டும் பாருங்கள். முன் சராசரி 1.27, பின் சராசரி 1.77. ஆனால் ஆளுக்கு ஆள் எவ்வளவு வித்தியாசம்! ஒருவர் 0.4, ஒருவர் 2.1. இந்தப் பரவலுக்கு நடுவே 0.5 கூடியதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இப்போது ஒவ்வொருவருக்கும் பின்னதிலிருந்து முன்னதைக் கழியுங்கள்: 0.5, 0.4, 0.6. ஆளுக்கு ஆள் இருந்த பெரிய வித்தியாசம் போய்விட்டது, மாற்றம் மட்டும் நிற்கிறது. மற்றவர்களுக்குக் கழித்தால் 0.2, 0.3, 0.1. நோயாளிகளின் சராசரி மாற்றம் 0.5, மற்றவர்களுடையது 0.2. இந்த இரண்டு வரிசைக்கும் ஒரு சாதாரண டூ-சாம்பிள் டி-டெஸ்ட் (இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சோதனை) போட்டால், உங்கள் ஆய்வின் மையக் கேள்விக்கு அதுவே விடை. அனோவா அட்டவணையில் குழு-நேரம் இன்டராக்‌ஷன் என்று வருவதும் இதுதான்.

ஆக, முழு மூளைக்கும் செய்ய வேண்டியது: ஒவ்வொருவரின் முதல் கட்டப் பகுப்பாய்விலிருந்து 2-பேக்கின் செயல்பாட்டிலிருந்து, நினைவுச் சுமை இல்லாத 0-பேக்கின் செயல்பாட்டைக் கழித்த கான்ட்ராஸ்ட் படத்தை எடுங்கள். பின் படத்திலிருந்து முன் படத்தைக் கழித்து ஆளுக்கு ஒரே ஒரு படமாக ஆக்குங்கள். 39 பேர், 39 படம். அதை டூ-சாம்பிள் மாடலில் கொடுங்கள். ஆளுக்கு ஒரு படமாகச் சுருக்கி மேலே கொண்டுபோவது 1998இல் ஹோம்ஸும் ஃப்ரிஸ்டனும் சொன்ன வழி. முடிவு அந்த 39 பேரோடு நிற்காமல் அவர்கள் வந்த மக்கள்தொகைக்கும் பொருந்த வேண்டுமென்றால், பிழையை அளக்கும் அலகு ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் கைடு சொல்லும் டூ-வே அனோவாவில் குழு, நேரம் என்ற பிரிப்பு சரியானதே. ஆனால் உங்களிடம் உள்ள 85 படங்களையும் 85 தனி ஆட்கள் போலக் கொடுத்தால் மாடல் ஏமாந்துவிடும். ஒரே ஆளின் இரண்டு ஸ்கேனும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பவை. அதை மாடலிடம் சொல்லியாக வேண்டும்.

சீனியர் சொல்லும் ஃப்ளெக்ஸிபிள் ஃபேக்டோரியல் அதைச் சொல்கிறது, ஆளுக்கு ஒரு காலம் (column, மாடல் அட்டவணையில் ஒரு நெடுவரிசை) போட்டு. அதனால் இன்டராக்‌ஷன் கேள்விக்கு அது ஒத்துவரும். இரண்டு முறையும் வந்தவர்களை மட்டும் வைத்தால், வேறு காலம் எதுவும் சேர்க்காதவரை, கழித்துப் போட்ட டி-டெஸ்ட்டும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே விடைதான் தரும். ஆபத்து வேறிடத்தில். அதே மாடலில் "நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் பொதுவாகவே வித்தியாசம் உண்டா" என்று குழு விளைவையும் கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். ஆளுக்கு ஒரு காலம் போட்டதால், மிச்சமிருக்கும் பிழை ஒரே ஆளுக்குள் வரும் ஏற்றத்தாழ்வு மட்டும்தான். அது சிறியது. மேலே உள்ள எண்களில் பார்த்தீர்களே: ஆளுக்கு ஆள் 0.4 முதல் 2.1 வரை, ஆளுக்குள் மாற்றம் 0.4 முதல் 0.6 வரை. குழுக்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை அந்தச் சின்னப் பிழையால் வகுத்தால் டி-மதிப்பு வீங்கிவிடும், படம் முழுக்க மஞ்சளும் சிவப்புமாக ஒளிரும். மென்பொருள் எச்சரிக்கை எதுவும் காட்டாது. குழு விளைவு வேண்டுமானால் ஒவ்வொருவரின் இரண்டு படங்களையும் சராசரி எடுத்து, அதில் தனியாக டூ-சாம்பிள் போடுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு மாடல். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ரிவ்யூவருக்கும் எளிதில் விளங்கும்.

நண்பர் சொல்லும் மிக்ஸ்டு மாடலுக்கு உங்கள் ஆய்வில் ஒரு நியாயமான இடம் உண்டு: வராமல் போன ஏழு பேர். கழித்தல் முறையில் அவர்களின் முதல் ஸ்கேன் வீணாகிறது. ஒரு ஸ்கேன் மட்டும் உள்ளவரையும் ஏற்கும் மிக்ஸ்டு மாடலில் 46 பேரும் இருப்பார்கள். ஏஎஃப்என்ஐ மென்பொருளில் 3டிஎல்எம்இ, எஸ்பிஎம்மோடு சேரும் எஸ்டபிள்யூஇ டூல்பாக்ஸ் இரண்டும் இதற்கென்றே இருக்கின்றன. ஆனால் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த ஏழு பேரின் ஃபைலையும் எடுத்து, ஏன் வரவில்லை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஊர் மாறிப் போனவர், பேறுகாலத்துக்கு மகள் வீட்டுக்குத் துணையாகப் போனவர் என்றால் கவலையில்லை. கால் புண் ஆறாமல் நடக்கவே முடியாமல் நின்றவர்கள் என்றால், மிஞ்சிய 19 பேர் நோயாளிகளில் கொஞ்சம் நன்றாக இருப்பவர்கள் மட்டும். மிக்ஸ்டு மாடல் கையில் இருக்கும் தகவலிலிருந்து ஊகிக்க முடிந்த அளவுக்குத்தான் இதைச் சரிசெய்யும். முதல் ஸ்கேனிலோ வேறு அளவீட்டிலோ தெரியாத காரணத்தால் ஒருவர் விலகியிருந்தால் அதுவும் கைவிட்டுவிடும். என் யோசனை: கழித்தல் முறையை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள், மிக்ஸ்டு மாடலையும் ஓட்டி, இரண்டும் ஒரே திசையில் பேசுகின்றனவா என்று எழுதுங்கள்.

அப்புறம் மெஷின் விஷயம். கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோய்விட்டீர்கள், எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். பல வருடம் முன்பு ஒரு குழுவுக்குப் பகுப்பாய்வு செய்து கொடுத்தேன். நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் அத்தனை தெளிவான வித்தியாசம். எல்லோருக்கும் சந்தோஷம். ஸ்கேன் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நோயாளிகளை முதல் வருடம் முடித்துவிட்டு, மற்றவர்களை அடுத்த வருடம் எடுத்திருந்தார்கள். நடுவில் மெஷினின் மென்பொருளை மாற்றியிருந்தார்கள். வித்தியாசம் நோயால் வந்ததா, மென்பொருளால் வந்ததா என்று சொல்ல உலகத்தில் எந்த மாடலுக்கும் வழியில்லை. குழு காலமும் மெஷின் காலமும் ஒன்றேயாகிவிட்டால் கணக்கால் அவற்றைப் பிரிக்க முடியாது. ஒன்றரை வருட உழைப்பு அது. அன்றிலிருந்து எந்த ஆய்வு வந்தாலும் மாடலைத் தொடும் முன் ஸ்கேன் தேதிப் பட்டியலைத்தான் கேட்கிறேன்.

உங்களுக்கு அவ்வளவு மோசமாக இருக்காது என்று நம்புகிறேன். ஒரு தாளில் கட்டம் போடுங்கள்: நோயாளிகள் எத்தனை பேர் இரண்டு முறையும் 1.5இல், எத்தனை பேர் இரண்டு முறையும் 3இல், எத்தனை பேர் முதல் முறை 1.5, இரண்டாம் முறை 3. மற்றவர்களுக்கும் அப்படியே. மூன்றாவது வகையினர்தான் சிக்கல். 3 டெஸ்லாவில் போல்டு சிக்னல் (எஃப்எம்ஆர்ஐ அளக்கும் ரத்த ஆக்சிஜன் சார்ந்த சிக்னல்) இயல்பாகவே வலுவாக வரும். முன் படம் பழைய மெஷினிலும் பின் படம் புதிய மெஷினிலும் எடுத்திருந்தால், கழித்தபின் மிஞ்சுவதில் பயிற்சியும் இருக்கும், காந்தமும் இருக்கும். அவர்களை முதன்மைப் பகுப்பாய்விலிருந்து விலக்குங்கள், விலக்கியதை எழுதுங்கள். எண்ணிக்கை குறையுமே என்று வருத்தமாக இருக்கும், தெரிகிறது. இருந்தாலும் விலக்குங்கள். இரண்டு முறையும் ஒரே மெஷினில் இருந்தவர்களுக்கு மெஷினுக்கென்று ஒரு காலம் சேருங்கள். வலுவான சிக்னலில் மாற்றமும் பெரிதாகத் தெரியும் என்பதால், கழித்த பிறகும் அந்தக் காலம் தேவை. ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் தனித்தனியாகக் குழு வித்தியாசம் எந்தத் திசையில் போகிறது என்றும் ஒரு பார்வை பாருங்கள். காம்பேட் என்ற சீராக்கும் முறையை யாராவது பரிந்துரைக்கலாம். பல மையத் தரவுகளில் நல்ல கருவிதான், ஆனால் இவ்வளவு குறைந்த ஆட்களும் குழுவுக்குக் குழு வேறுபடும் மெஷின் விகிதமும் இருக்கும்போது நான் அதை நம்பிப் போகமாட்டேன்.

கோவேரியேட்டுக்கு வருவோம். எல்லாவற்றையும் போடு என்பது அக்கறையில் சொல்வது, ஆனால் ஒவ்வொன்றும் வேறு விதம்.

ஹெச்பிஏ1சியைக் குழு ஒப்பீட்டில் போடவே கூடாது. கடந்த சில மாதங்களின் சர்க்கரை அளவு அது. ஒருவர் எந்தக் குழு என்பதைத் தீர்மானிப்பதே சர்க்கரைதான். அதை "சரிசெய்துவிட்டு" குழுக்களை ஒப்பிடுவது, சர்க்கரையை எடுத்துவிட்டுச் சர்க்கரை நோயின் விளைவைத் தேடுவது போல. நோயாளிகளுக்குள் மட்டும், ஹெச்பிஏ1சி அதிகமுள்ளவர்களுக்கு மாற்றம் குறைவா என்று தனியாகக் கேட்கலாம், அது நல்ல கேள்வி. ரத்த அழுத்தமும் பாதி இதே கதை: நோயோடு சேர்ந்தே வருவது. அதைப் போட்டும் போடாமலும் ஓட்டி இரண்டையும் காட்டுங்கள். படிப்பு, முதன்மைக் கேள்விக்கு வேண்டியதில்லை.

வயது அப்படியல்ல. சர்க்கரை வந்ததால் யாருக்கும் வயது கூடவில்லை, எனவே அதைக் கணக்கில் எடுப்பது நியாயம். கழித்த படங்களில் ஒவ்வொருவரும் தனக்குத்தானே ஒப்பீடு என்பதால் எட்டு வருட வித்தியாசம் அங்கே அவ்வளவு உறுத்தாது. சராசரிப் படங்களை வைத்துக் குழு விளைவு பார்க்கும்போதுதான் உறுத்தும். அங்கே இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, வயதுகள் எங்கே ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன என்பது. நோயாளிகள் 45 முதல் 68 வரை, மற்றவர்கள் 38 முதல் 62 வரை என்று வைத்துக்கொள்வோம். 62க்கு மேல் ஒப்பிட ஆளே இல்லை, மாடல் ஒரு நேர்கோட்டை நீட்டி ஊகிக்கிறது. 45 முதல் 62 வரை உள்ளவர்களை மட்டும் வைத்து ஒருமுறை ஓட்டி, முடிவு நிற்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு, வயதின் சராசரியைக் கழிக்கும்போது எந்தச் சராசரி என்பது. எல்லோருக்குமான சராசரியை, அதாவது 53 சொச்சத்தைக் கழித்தால், ஒரே வயதுள்ள இருவரை ஒப்பிடுகிறீர்கள். நோயாளிகளுக்கு 57, மற்றவர்களுக்கு 49 என்று அவரவர் குழுச் சராசரியைக் கழித்தால், 57 வயது நோயாளியை 49 வயது நோயில்லாதவரோடு ஒப்பிடுகிறீர்கள். வயதைச் சரிசெய்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், வயது வித்தியாசம் அப்படியே குழு வித்தியாசத்துக்குள் உட்கார்ந்திருக்கும். மெனுவில் ஒரே ஒரு தேர்வு, ஆனால் விடையே மாறிவிடும். இந்த இடத்தில் நிறையப் பேர் வழுக்கியிருக்கிறார்கள். வயதின் சரிவு இரண்டு குழுவுக்கும் வேறாக இருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள். வேறாக இருந்தால் "குழு வித்தியாசம் இவ்வளவு" என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது, எந்த வயதில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாடலில் காலங்கள் (நெடுவரிசைகள்) கூடக் கூட டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (பிழையை மதிப்பிட மிஞ்சும் தகவல் எண்ணிக்கை) கரையும் என்பதையும் மறக்க வேண்டாம். 39 பேர், குழுவுக்கு இரண்டு காலம், மெஷின் ஒன்று, வயது ஒன்று என்றால் மிஞ்சுவது 35. இதோடு தலை அசைவுக்கு ஒன்று சேருங்கள், அது தேவை. ஒரு குழு மற்றதைவிட அதிகம் அசைந்திருந்தால் அது குழு வித்தியாசமாகவே வேஷம் போடும். அதற்கு மேல் வேண்டாம்.

பி-மதிப்பைத் திருத்தும் விஷயத்தில் ஒரே ஒரு வழி சொல்கிறேன்: பெர்ம்யுடேஷன். மூளையில் ஒரு லட்சம் வாக்ஸல் என்றால், எதுவுமே இல்லாதபோதும் 0.001 அளவில் சுமார் நூறு வாக்ஸல் தற்செயலாக ஒளிரும். 2009இல் பென்னட் குழுவினர் செத்த சால்மன் மீனை மெஷினில் வைத்து, திருத்தம் செய்யாத கணக்கில் அதன் மூளை "வேலை செய்வதை"க் காட்டியது இதனால்தான். திருத்தம் செய்தாலும் போதாது, எப்படிச் செய்கிறோம் என்பதும் முக்கியம் என்பதை 2016இல் எக்லண்ட், நிக்கல்ஸ், நுட்சன் காட்டினார்கள்: கிளஸ்டர் (ஒட்டி ஒளிரும் வாக்ஸல்களின் கூட்டம்) அளவை வைத்துத் திருத்தும் வழக்கமான முறைகளில், 5 சதவீதம் இருக்க வேண்டிய பொய்க் கண்டுபிடிப்பு சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போனது. பெர்ம்யுடேஷன் அந்தச் சோதனையில் பெரும்பாலும் சரியாகவே நின்றது. யோசனை எளிது. "நோயாளி", "மற்றவர்" என்ற 39 சீட்டுகளையும் குலுக்கி, ஆட்களுக்குத் திரும்பப் பங்கிட்டு, அதே கணக்கைப் போடுகிறோம். இப்படி 5000 முறை. உங்கள் உண்மையான விடை அந்த 5000இல் எங்கே நிற்கிறது என்பதுதான் பி-மதிப்பு. ஆளுக்கு ஒரு கழித்த படம் மட்டும் இருப்பதால் சீட்டைக் குலுக்குவது இங்கே தடையில்லாமல் நடக்கும். 85 படங்களோடு இருந்தால், ஒரே ஆளின் முன் படமும் பின் படமும் வேறு வேறு குழுவுக்குப் போய்விடாமல் காவல் வைக்க வேண்டும். எஃப்எஸ்எல் மென்பொருளின் ராண்டமைஸ் கருவியை, டிஎஃப்சிஇ (அருகருகே சேர்ந்து ஒளிரும் இடங்களுக்குக் கூடுதல் எடை தரும் முறை) என்ற தேர்வோடு ஓட்டுங்கள். ஒரு ராத்திரி ஆகலாம்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். 19 பேர், 20 பேர் என்ற அளவில், ஒரே ஒரு பகுதியை மட்டும் பார்த்தால்கூட, 80 சதவீத வாய்ப்போடு பிடிபடக்கூடியது சுமார் 0.9 கோஹன் டி (சராசரி வித்தியாசத்தை ஆட்களின் பரவலால் வகுத்தது) அளவுள்ள பெரிய விளைவுதான். முழு மூளையில் இதைவிடக் கடினம். எதுவும் வராவிட்டால் "வித்தியாசம் இல்லை" என்று எழுதாதீர்கள். நெற்றிப் பகுதியின் மாற்றத்தையும் அதன் 95 சதவீத எல்லைகளையும் கொடுங்கள். அந்தப் பகுதியை உங்கள் படத்தில் ஒளிர்ந்த இடத்திலிருந்து எடுக்காமல், முன்பே வெளிவந்த வரைபடத்திலிருந்து எடுங்கள்.

மாடலுக்கு வெளியே ஒரு வார்த்தை. போல்டு அளப்பது நரம்பை நேராக அல்ல, நரம்பு வேலை செய்யும்போது ரத்த ஓட்டம் எப்படி மாறுகிறது என்பதை. சர்க்கரை நோய் சின்ன ரத்தக்குழாய்களையே பாதிக்கிறது. நீங்கள் காணும் குழு வித்தியாசம் நினைவாற்றலின் வித்தியாசமா, குழாய்களின் வித்தியாசமா? மூச்சை அடக்கவைத்து, குழாய்கள் எப்படி ஈடுகொடுக்கின்றன என்று பார்க்க எடுத்த ஸ்கேன் ஏதாவது இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால், சராசரிப் படத்தின் குழு விளைவை அடக்கியே எழுதுங்கள். அதற்குக் கழித்த படத்தின் முடிவு கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் 12 வார நடை குழாய்களையும் மாற்றும் என்பதால் முழுத் தப்பிப்பு இல்லை.

கைடிடம் எப்படிச் சொல்வது என்று தயக்கம் இருக்கும். மாடல் பெயரோடு போகாதீர்கள். ஒரே ஒரு தாள் எடுத்துப் போங்கள். நெற்றிப் பகுதியில் ஒவ்வொருவரின் முன் மதிப்பும் பின் மதிப்பும் ஒரு கோடாக இணைத்து, நோயாளிகள் ஒரு நிறம், மற்றவர்கள் ஒரு நிறம், மெஷின் மாறியவர்கள் புள்ளிக்கோடு. 39 கோடுகள். "சார், இந்தக் கோடுகளின் சாய்வு இரண்டு நிறத்துக்கும் வேறா என்பதுதான் நம் கேள்வி, இல்லையா?" என்று கேளுங்கள். அவர் ஆம் என்றால், கழித்துப் போடும் டி-டெஸ்ட்டை அவரே சொல்வார். புள்ளிக்கோடுகள் மட்டும் மற்றவற்றைவிடச் செங்குத்தாக ஏறியிருந்தால், அதையும் அவரே முதலில் கவனிப்பார்.